பேரா, பேப்பரா? வெளிநாட்டு வேலையும் பட்ட அங்கீகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலம் பக்கத்துக்காரன் நான். சிவில் எஞ்சினீயரிங் முடித்து, மதுரை, விருதுநகர்ப் பக்கத்துச் சாலைப் பாலங்களில் 6 வருடம் சைட் எஞ்சினீயராக வேலை பார்த்துவிட்டு 2016-ல் டொரண்டோ போனேன். 4 வருடத்தில் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் யாராவது ஃபைலும் கையுமாக வீட்டு வாசலில் நிற்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை, ஏஜென்டும் இல்லை. சட்ட எண்களைச் சொல்லும்போது சரிபார்த்துத்தான் சொல்கிறேன். சட்டம் மாறும், போகும்முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, 120 கம்பெனிக்கு ரெஸ்யூம் போட்டேன். ஒருத்தன்கூடக் கூப்பிட மாட்றாய்ங்க. என் பேருதான் காரணமா?"

இருக்கலாம் தம்பி. ஆனால் உன் ஒருவன் விஷயத்தில் அதுதான் காரணம் என்று என்னாலும் சொல்ல முடியாது, உன்னாலும் நிரூபிக்க முடியாது. கூப்பிடாதவன் ஏன் கூப்பிடவில்லை என்று எழுதியா தருகிறான்? கூட்டமாக எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள்.

வழி எளிது. ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பேர் மட்டும் வேறு வேறாகப் போட்டு ஆயிரக்கணக்கில் ரெஸ்யூம் தயாரித்து, விளம்பரம் வந்த வேலைகளுக்கு அனுப்புவது. யாருக்கு போன் வருகிறது என்று எண்ணுவது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 ரெஸ்யூம் இப்படிப் போனது; 2004-ல் முடிவு அச்சானது. வெள்ளைக்காரப் பேருக்கு 10 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு. கறுப்பினத்தவர் பேருக்கு 15 போட்டால்தான் ஒன்று. டொரண்டோவில் பிலிப் ஓரியோபோலஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 6,000 ரெஸ்யூம் அனுப்பினார். கனடாவிலேயே படித்து, கனடாவிலேயே வேலை பார்த்ததாகக் காட்டிய ரெஸ்யூம்கள்தான். ஆங்கிலப் பேர் என்றால் நூற்றுக்கு 16 அழைப்பு. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பேர் என்றால் 11. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நஃபீல்டு கல்லூரிக்காரர்கள் 2019-ல் வெளியிட்டது: பெரும்பான்மை வெள்ளையருக்கு நூற்றுக்கு 24, சிறுபான்மை இனத்தவருக்கு 15.

ஆக, பேருக்கு விலை உண்டு. அதற்காக 120-க்கு 120-ம் பேரால்தான் போனது என்று முடிவு கட்டிவிடாதே. என்னிடம் வரும் ரெஸ்யூம்களில் பாதி, கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் பயோடேட்டா மாதிரி இருக்கும். தகப்பனார் பேர், பிறந்த தேதி, மதம், கல்யாணம் ஆயிற்றா, பாஸ்போர்ட் எண், மூலையில் ஒரு போட்டோ. கனடா, அமெரிக்கா, இங்கிலாந்தில் இவை எதையும் போடும் வழக்கம் இல்லை. போட்டால் பாகுபாட்டுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட கணக்கு. முதலில் அதை எடு. பிறகு ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனித்தனியாகத் திருத்தி 30 போடு. அப்போதும் ஒன்றும் வரவில்லை என்றால் பேரைப் பற்றிப் பேசுவோம்.

"அப்ப பேரைச் சுருக்கி 'மைக்'குன்னு போட்டுக்கலாமா?"

ரெஸ்யூமில் கூப்பிடு பேர் போடுவது தப்பில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். மனசுக்கு ஒப்பினால் செய்யலாம். எனக்கு ஒப்பவில்லை, அது என் வீம்பு, உனக்கு அறிவுரை அல்ல.

உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊர்க்காரனுக்குக் குடும்பப் பேர் கிடையாது. மார்க் ஷீட்டில் "ச. முத்துப்பாண்டி", ஆதாரில் "முத்துப்பாண்டி ச", பாஸ்போர்ட்டில் அப்பா பேர் சேர்ந்து "முத்துப்பாண்டி சண்முகம்". பட்டத்தை மதிப்பிடுகிறவன் கண்ணுக்கு இவர்கள் மூன்று பேர். இந்த ஒரு காரணத்தால் ஃபைல் மாதக்கணக்கில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டேன் என்றது. அப்போது எத்தனை பேர் விமான நிலையத்தில் விழித்தார்கள்! விண்ணப்பம் போடும் முன்பே இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டை ஒழுங்கு பண்ணிக்கொள்ளுங்கள். எல்லாப் பேரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட்டும் போட்டு வையுங்கள்.

"கனடா அனுபவம் இருக்கான்னு கேக்குறாய்ங்க. கனடாவுக்கு இப்பத்தானண்ணே வந்திருக்கேன்? இது நிறவெறி இல்லையா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017-ல் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இன்டர்வியூ. வைகையில் பாலத் தூண் எப்படி இறக்கினோம், வெள்ளம் வந்தபோது என்ன செய்தோம் என்று முக்கால் மணி நேரம் கேட்டார்கள். ரசித்துத்தான் கேட்டார்கள். கடைசியில் "கனடிய அனுபவம் இல்லையே" என்றார் ஒருவர். குளிர் நாட்டுக் கான்கிரீட் வேறு, அதைத்தான் சொல்கிறார் போல என்று நினைத்து, பனிக்காலக் கான்கிரீட் பற்றிப் படித்ததையெல்லாம் கொட்டினேன். அவர் சிரித்தார். வேலை வரவில்லை. அன்று இரவும் டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பன் பேக்கிங் ஷிப்டுக்குப் போனேன். அந்த ஷிப்டில் ஒரு பல் டாக்டரும், கொழும்பிலிருந்து வந்த ஒரு ஆடிட்டரும் என்னோடு நின்றார்கள். எங்கள் யாரிடமும் "கனடிய பன் அனுபவம்" இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அனுபவம் கேட்பதே குற்றம் இல்லை. உள்ளூர் விதிகள், உள்ளூர் அளவுகள் தெரிய வேண்டும் என்பது நியாயம்தான். துபாயிலிருந்து வந்த எஞ்சினீயரை நாமும் இங்கே அப்படித்தான் கேட்போம். ஆனால் முன்பு சொன்ன டொரண்டோ ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆசியப் பேர், வெளிநாட்டுப் படிப்பு, வெளிநாட்டு அனுபவம் என்றால் அழைப்பு நூற்றுக்கு 5. அதே ஆளுக்கு அனுபவத்தை மட்டும் கனடாவாக மாற்றினால் 11. சரி, அனுபவம்தான் காரணம் என்று சொல்ல வாய் வரும். ஆனால் பிரிட்டனில் படித்து பிரிட்டனில் மட்டுமே வேலை பார்த்து வந்தவருக்கோ, கனடாக்காரருக்குச் சமமாகவே அழைப்பு வந்தது. அவருக்கும் கனடிய அனுபவம் கிடையாதே? எங்களுக்குக் குறையாகத் தெரிந்தது அவருக்கு மட்டும் குறையாகத் தெரியவில்லை. பேருக்கு இருந்த வெறுப்பைப் பேப்பர்மேல் சாத்துவது என்றால் இதுதான்.

இதைக் கனடாவே ஒப்புக்கொண்டது. டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013-ல் கொள்கை வெளியிட்டது: கட்டாயமாகக் கனடிய அனுபவம் கேட்பது மேலோட்டப் பார்வையிலேயே பாகுபாடு, மிகச் சில இடங்களில்தான் அதை நியாயப்படுத்த முடியும் என்று. ஆனால் அங்கே எஞ்சினீயர் லைசென்ஸுக்கு 48 மாத அனுபவம், அதில் 12 மாதம் கனடாவில் என்ற விதி அதற்கப்புறமும் 10 வருடம் நின்றது. வேலை கிடைக்க லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸ் கிடைக்க வேலை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. 2023 மே மாதம் அந்த 12 மாத விதியை எடுத்தார்கள். 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்பதையே ஒண்டாரியோவில் சட்டம் தடுத்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2024 ஜூலையில் இதே போக்கில் ஒரு சட்டம் வந்தது. விளம்பரத்தில் எழுதக்கூடாது என்றால் மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள் என்பது வேறு. ஆனால் எழுத்தில் இருந்தால் இன்று அது உங்கள் கையில் இருக்கும் சாட்சி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

"டிகிரியை மதிப்பிட்டு 'கனடா டிகிரிக்குச் சமம்'னு லெட்டர் வந்துருச்சு. இனி எஞ்சினீயரா வேலை பாக்கலாம்ல?"

பார்க்க முடியாது. மதுரையில் பல கன்சல்டன்சிகள் வேண்டுமென்றே குழப்பும் இடம் இது.

குடியேற்றத்துக்குப் புள்ளி போட ஒரு மதிப்பீடு உண்டு. மதிப்பெண் விவரமான டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப, இது கனடாவின் எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதித் தருவார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் குடியேற்ற முறைக்கு அது 5 வருடம் செல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. எஞ்சினீயர், டாக்டர், நர்ஸ், வக்கீல், டீச்சர் என்று லைசென்ஸ் தேவைப்படும் தொழிலுக்கு அந்தந்தத் தொழில் மன்றத்தின் அங்கீகாரம் தனி. பரீட்சை, கட்டணம், காலம் எல்லாம் தனி. இந்த இரண்டும் கையில் இருந்தாலும் முதலாளி உங்கள் பட்டத்தை மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என்னிடம் முதல் லெட்டர் இருந்தது. அதை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாம்.

சாஃப்ட்வேர், கணக்கு எழுதுவது, மார்க்கெட்டிங் போன்றவற்றுக்கு லைசென்ஸ் கிடையாது. அங்கே பேப்பர் தடை குறைவு. தடுக்கிறது என்றால் பேரும் முகமும்தான்.

"வாஷிங்டன் அக்கார்டுன்னு சொல்றாங்களே, எங்க காலேஜ் அதுல வருமா?"

பொறியியல் பட்டங்களை நாடுகள் தங்களுக்குள் மதித்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. இந்தியா 2014 ஜூனில் நிரந்தர உறுப்பினர் ஆனது. ஆனால் என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் டயர் 1 அங்கீகாரம் வாங்கிய பாடப்பிரிவுகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். டயர் 1 என்பது தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகள் டயர் 2-ல் வாங்கியிருந்தால் பொருந்தாது. கல்லூரிக்கு மொத்தமாக இல்லை, பாடப்பிரிவுக்குத் தனித்தனி. நீங்கள் முடித்த வருடத்தில் அங்கீகாரம் நடப்பில் இருந்ததா என்பதுதான் கேள்வி. கல்லூரி வாசலில் தொங்கும் பேனரை நம்பாதீர்கள்.

"ஜெர்மனியில என் காலேஜ் பேரு லிஸ்ட்ல இல்லைங்கிறாய்ங்க."

லிஸ்ட் என்பது வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களைப் பதிந்து வைத்திருக்கும் அனாபின் என்ற தரவுத்தளம். கல்லூரிப் பேரில் தேடியிருப்பீர்கள். பட்டம் தந்தது பல்கலைக்கழகம்தானே? அந்தப் பேரில் தேடுங்கள். நிறுவனத்துக்கு "எச் பிளஸ்" (அங்கீகாரம் உண்டு என்ற குறி) இருக்க வேண்டும், பட்டத்துக்கும் தனியாகச் சமம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பான் நகரில் உள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்தில் சுமார் 200 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். ஜெர்மனியில் ஒரு நல்ல விஷயம், 2012 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள அங்கீகாரச் சட்டம். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் உங்கள் தகுதியை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் உரிமை உண்டு. முழுதாகச் சமம் இல்லை என்றால் எது குறைகிறது என்று எழுத்தில் தர வேண்டும். "இல்லை" என்று மொட்டையாகச் சொல்லி அனுப்புவதற்கும் "இந்த இரண்டு பாடம் குறைகிறது" என்று சொல்லி அனுப்புவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

"தம்பி, பி.எஸ்சி. மூணு வருஷம். அமெரிக்காவுல செல்லாதாமே?"

அங்கே இளநிலை 4 வருடம் என்பதால் வரும் சிக்கல் அம்மா இது. நிறம் இதில் இல்லை. மேலே முதுநிலை இருந்தால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு, குறையும் ஒவ்வொரு படிப்பு வருடத்துக்கும் 3 வருட வேலை அனுபவத்தைக் காட்டும் வழக்கமும் உண்டு.

"என் மக நர்சிங் முடிச்சிருக்கா தம்பி. இங்கிலாந்துங்கிறாங்க, ஜெர்மனிங்கிறாங்க, சவுதிங்கிறாங்க. எங்க அனுப்புறது?" (உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா)

எங்கே என்பதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும் அம்மா. வழி மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. பிறகு கணினித் தேர்வு இங்கேயே எழுதலாம். அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு பி2 அளவு (நடுத்தரத்துக்கு மேல்) ஜெர்மன் மொழி, பட்ட ஒப்பீடு, குறை இருந்தால் அறிவுத் தேர்வோ ஈடுகட்டும் பயிற்சியோ. அது முடியும் வரை முழு நர்ஸ் இல்லை, உதவியாளர் சம்பளம்தான். இதை எந்த ஏஜென்டும் முதல் நாளில் சொல்வதில்லை. வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் தேர்வும்.

இங்கிலாந்தில் வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் ஏஜென்சி பணம் வாங்குவது சட்டப்படி தப்பு. அதனால் மதுரையில் உட்கார்ந்து "என்.எச்.எஸ். (இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவை) வேலைக்கு 5 லட்சம்" என்று யாராவது கேட்டால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் "இடையில் போனால் இவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்று மகளைப் படிக்கச் சொல்லுங்கள். வார்டில் மேலதிகாரி தரக்குறைவாகப் பேசினாலும் பல பெண்கள் வாய் திறக்காமல் இருப்பது அந்த ஒரு வரிக்குப் பயந்துதான்.

"வளைகுடாவுல ஒரே வேலைக்குப் பாஸ்போர்ட்டப் பாத்துச் சம்பளம் போடுறாய்ங்களே, அதுக்குச் சட்டம் கிடையாதா?"

சட்டம் இருக்கிறது. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் 33, இனம், நிறம், பால், மதம், தேசிய மூலம் பார்த்து வேலையில் வேறுபடுத்தக் கூடாது என்கிறது. நடப்பு என்ன என்பது மேலூரில், பரவையில் எந்த வீட்டைக் கேட்டாலும் தெரியும். ஆஃபர் லெட்டர் கையெழுத்தாகும் முன்பே தொகை வேறாக இருக்கும். அதை ஒப்புக்கொண்டுதான் விமானம் ஏறுகிறோம். பிறகு பாகுபாடு என்று எங்கே போய்ச் சொல்வது?

கையில் இருக்கும் ஆயுதம் ஒன்றுதான்: விசாவில் எழுதும் பதவி. எஞ்சினீயர் பட்டத்தை அட்டெஸ்ட் பண்ணி, அந்தப் பதவியிலேயே விசா வாங்குங்கள். "முதலில் ஹெல்பர் விசாவில் வா, மாற்றிக்கொள்ளலாம்" என்பது நம்ம ஊரில் நூறு பேரைக் கவிழ்த்த வசனம். ஒரு நாட்டுச் சான்றிதழை ஒரே முத்திரையோடு இன்னொரு நாடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-லிருந்து இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவுதி, 2024 ஜனவரி முதல் கனடா இவற்றுக்கெல்லாம் வெளியுறவுத்துறை ஒட்டும் அந்த ஒரு ஸ்டிக்கர் போதும். அமீரகம் அதில் இல்லை; அதற்குத் தூதரக முத்திரையும் வேண்டும்.

"ஏஜென்ட் 3 லட்சம் கேக்குறான். நியாயமா?"

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும். பதிவு எண்ணை வெளியுறவுத்துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். எண் இல்லாதவனோடு பேரம் பேசாதீர்கள்.

"என் தம்பி வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சுட்டு வந்தான். இங்க பரீட்சை எழுதச் சொல்றது பாகுபாடு இல்லையா?"

பரீட்சை வைப்பது பாகுபாடு ஆகாது. 2002-லிருந்து நடக்கும் எஃப்.எம்.ஜி.இ. என்ற இந்தத் தேர்வு வருடம் இரண்டு முறை, 300-க்கு 150 வாங்கினால் போதும். 2021 நவம்பர் விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், பயிற்சி மொழி ஆங்கிலம், அங்கேயே 12 மாத இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து இங்கே 12 மாதம், எல்லாம் 10 வருடத்துக்குள். சேரும் முன்பே இதைப் படித்திருந்தால் பல வீடுகளில் நிலம் விற்றிருக்க மாட்டார்கள்.

ஆனால் உன் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இந்த ஐந்து நாட்டில் மேற்படிப்பு முடித்து அங்கே டாக்டராகத் தகுதி பெற்றவருக்கு இந்தப் பரீட்சையிலிருந்து விலக்கு. மணிலாவிலோ பிஷ்கெக்கிலோ படித்தவருக்குக் கிடையாது. தரத்தை நோக்கிச் செய்ததுதான் என்பார்கள். டொரண்டோவில் பிரிட்டிஷ் அனுபவத்தை மட்டும் மதித்தவரும் தரத்தைத்தான் சொல்லியிருப்பார்.

"லண்டன்ல ஒரு வருஷ எம்.எஸ்சி. முடிச்சேன். இங்க லெக்சரர் வேலைக்குச் செல்லுமா?"

2022 ஜூலையில் இந்தியாவும் இங்கிலாந்தும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு வருட முதுநிலைக்கும் மதிப்பு உண்டு. 2025 ஏப்ரலில் யு.ஜி.சி. தனி விதிகளே கொண்டு வந்து, சமநிலைச் சான்றை ஆன்லைனில் தருகிறது. மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், ஆர்க்கிடெக்சர் இதில் வராது; அவற்றுக்கு அந்தந்தக் கவுன்சில். வெளிநாட்டுக் கல்லூரி தன் பேரை வாடகைக்கு விட்டு நடத்தும் படிப்பும் வராது.

"அங்கதான் நிறவெறி. நம்ம மதுரையில அதெல்லாம் கிடையாதுல்ல?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர், நகரில் ஓட்டல் வைத்திருப்பவர். மகன் மெல்பர்னில் வேலை கிடைக்காமல் தவிக்கிறான் என்று வந்தார். பேச்சுவாக்கில், "வடக்கத்திப் பயலுகளுக்கு 600 குடுத்தாப் போதும், நம்மாளுக்கு 900" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அங்கே பண்ணிய ரெஸ்யூம் சோதனையை இந்தியாவிலும் பண்ணியிருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 66 வாரம் செய்தித்தாள் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பம் அனுப்பி, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாம் தனியார் கம்பெனி. படிப்பு சமம், பேர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பேரோடு ஒப்பிட்டால் தலித் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பேருக்கு மூன்றில் ஒரு பங்கு. டொரண்டோவின் 16-க்கு 11 என்ற கணக்கைச் சொல்லிப் பொங்குகிறவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் கிட்டே வருவோம். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர். இந்த மூன்று இடத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உண்டு. முகாமில் பிறந்து, இங்கேயே பள்ளி படித்து, இங்கேயே பி.இ. முடித்த பிள்ளைகள் என்னிடமும் வந்திருக்கிறார்கள். பட்டம் நம் பல்கலைக்கழகம் தந்தது, பேச்சு நம் பேச்சு. கேம்பஸில் தேர்வாகி, கடைசியில் "பாஸ்போர்ட் எண்" என்ற கட்டம் வரும்போது எல்லாம் நின்றுவிடுகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இதை வைத்துத்தான். ஆனால் இன்று வேலை தேடும் வயதில் இருப்பவர்கள் எல்லாரும் அந்தத் தேதிக்குப் பின்னால் பிறந்தவர்கள். 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. இவர்களுக்கு நான் சொல்லும் பதில் எதுவும் எனக்கே திருப்தியாக இருந்ததில்லை. சிறு கம்பெனிகளுக்கு நானே போன் போட்டுச் சொல்லுவேன். சிலர் எடுத்திருக்கிறார்கள்.

சட்டம் பற்றிக் கேட்டால்: அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு இனம், சாதி, மதம், பிறந்த இடம் பார்த்து அரசு வேலையில் ஒதுக்கக் கூடாது என்கிறது. அரசு வேலையில். தனியார் கம்பெனி வேலைக்கு எடுக்கும்போது இனம் பார்த்தால் தடுக்க இங்கே பொதுவான சட்டம் இல்லை. மாற்றுத்திறனாளிகள், திருநர், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1968-லேயே சேர்ந்துவிட்டது.

"சரிண்ணே, அங்க நடந்தா எங்க புகார் பண்றது?"

காலக்கெடுதான் முதல் விஷயம். அழுது முடித்து, ஊருக்குப் பேசி முடிப்பதற்குள் அது ஓடிவிடும். ஜெர்மனியில் 2006-ஆம் ஆண்டுச் சமநடத்தைச் சட்டப்படி, மறுப்பு வந்து 2 மாதத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். 15 பேருக்குக் குறைவான கம்பெனிக்கு அங்கே 1964-ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டம் பொருந்தாது. ஒண்டாரியோவில் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு 1 வருடம். இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம். தீர்ப்பாயத்துக்கு முன் ஏகாஸ் என்ற சமரச அமைப்பைத் தொட்டே ஆக வேண்டும், கெடு மாதக் கணக்கில்தான். ஆஸ்திரேலியாவில் 1975-லிருந்தே இனப் பாகுபாட்டுச் சட்டம் உண்டு, புகார் மனித உரிமை ஆணையத்துக்கு.

முழுதாக நிரூபித்தால்தான் ஆகும் என்று பயப்பட வேண்டாம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சந்தேகப்படும்படியான விவரங்களைக் காட்டிவிட்டால், "அப்படி இல்லை" என்று காட்டும் பாரம் முதலாளி தலைக்குப் போய்விடும். அதனால் விளம்பரம், மெயில், இன்டர்வியூ முடிந்த அன்றே எழுதிய குறிப்பு (யார், என்ன வார்த்தை, எத்தனை மணி) இவற்றைத் தேதியோடு வையுங்கள். 2017-ல் அந்த நிறுவனத்திலிருந்து வெளியே வந்தபோது நான் எதையும் எழுதி வைக்கவில்லை. சிரித்தவர் பேர்கூட இன்று நினைவில்லை.

"கிளம்புறதுக்கு முன்னாடி மதுரையிலேயே முடிக்க வேண்டியது என்னென்ன?"

பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட், சீல் வைத்த உறையில் ஒன்றுக்கு மூன்றாக. டிகிரி சர்டிபிகேட்டை வாங்காமலே புரொவிஷனலோடு பறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை முதலில் வாங்குங்கள். நீங்கள் படித்த வருடத்துச் சிலபஸ், பக்கம் பக்கமாகக் கல்லூரி முத்திரையோடு. பத்து வருடம் கழித்துக் கேட்டால் கிடைக்காது, பாடத்திட்டம் மூன்று முறை மாறியிருக்கும். வேலை பார்த்த இடத்தில் "நல்ல பையன்" என்ற சான்றிதழ் வேண்டாம். என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், யாருக்குக் கீழே என்று லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். சம்பளம் பேங்கில் ஏறிய ஸ்டேட்மென்டும் கூடவே. மேஸ்திரி கையில் காசாக வாங்கிய வருடங்களை எந்த நாட்டிலும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. என் 6 வருடத்தில் 2 வருடம் அப்படித்தான் போனது.